ஏழைக்கேத்த எள்ளுருண்டை

கிராஃபிக்ஸ் கார்டு வரும் அட்டைப்பெட்டியைக் கம்ப்யூட்டர் கடைகளில் பார்த்திருப்பீர்கள். முகப்பில் ஒரு ரோபோ முறைத்துக்கொண்டு நிற்கும், அல்லது ஒரு டிராகன். பக்கத்தில் கொட்டை எழுத்தில் இத்தனை 'ஜிபி' என்று போட்டிருக்கும். மலிவு விலைக் கார்டுகளைப் பொறுத்தவரை இந்தப் பெட்டி வாசகங்களைச் சிறுகதை வகையில் சேர்த்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம். படித்து ரசிக்கலாம். நம்பிக் காசு கொடுக்கக் கூடாது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கார்டு வாங்கப்போகும் கல்லூரிப் பையன் முதலில் கேட்பது, "அண்ணே, இது எத்தனை ஜிபி?"

"நாலு ஜிபி தம்பி, எல்லா கேமும் ஓடும்."

கேள்வியும் தப்பு, பதிலும் தப்பு. ஜிபி என்பது மொட்டைமாடித் தண்ணீர் டேங்க்கின் கொள்ளளவு மாதிரி. ஆயிரம் லிட்டர் டேங்க்காகவே இருக்கட்டும். கீழே வரும் குழாய் அரை இஞ்ச் என்றால் பக்கெட் நிரம்பக் காத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கேம் ஆடும்போது கார்டு விநாடிக்கு அறுபது படமாவது வரைய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தேவையான சமாசாரங்களை மெமரியிலிருந்து அள்ளிக்கொண்டு வர வேண்டும். எவ்வளவு வேகத்தில் அள்ள முடிகிறது என்பதுதான் முக்கியம். பெட்டியின் முகப்பில் அதைப் போட மாட்டார்கள்.

உதாரணத்துக்கு என்விடியாவின் ஜிடி 1030. 2017-ல் வந்தபோது அதில் ஜிடிடிஆர்5 என்ற வேகமான மெமரி 2 ஜிபி இருந்தது. விநாடிக்கு 48 ஜிபி அள்ளும். சின்னக் கார்டு, ஆனால் நாணயமான கார்டு. 2018-ல் அதே பெயரில் இன்னொன்று வந்தது. அதிலும் 2 ஜிபிதான், ஆனால் சாதாரண டிடிஆர்4 மெமரி. அள்ளும் வேகம் 16.8 ஜிபி. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! பல ஆட்டங்களில் ஓட்டம் பாதியாகப் படுத்துவிட்டது. பெயரில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மெமரியின் வகையைச் சொல்லும் பொடி எழுத்தைத் தேடிப் பிடித்தால்தான் வித்தியாசம் தெரியும்.

இது இன்று நேற்று வந்த வழக்கமில்லை. 2002-ல் ஜீஃபோர்ஸ் 4 எம்எக்ஸ் என்று ஒரு மலிவுக் கார்டு. பெயரில்தான் நாலு, உள்ளே இருந்ததெல்லாம் பெரும்பாலும் ஜீஃபோர்ஸ் 2-ன் சரக்கு. வெளிச்சம், நீர், பளபளப்பு எல்லாம் எப்படித் தெரிய வேண்டும் என்று கேம் எழுதுகிறவரே புரோகிராம் செய்யும் 'ஷேடர்' வசதி 2001-ல் வந்த மூன்றில் இருந்தது, இந்த நாலில் இல்லை. 'டூம்' விளையாட்டை எழுதிய ஜான் கார்மாக்கே இதை வாங்காதீர்கள் என்று பகிரங்கமாகச் சொன்னார். அடுத்த வருஷம் வந்த புதிய 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' இந்தக் கார்டில் ஓடவே இல்லை.

எதிர்க்கடையும் யோக்கியமில்லை. 4 ஜிபி மெமரி இனி ஆட்டங்களுக்குப் போதாது என்று 2020-ல் ஏஎம்டி கம்பெனியே எழுதியது. 2022 ஜனவரியில் அதே கம்பெனி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்று ஒரு மலிவுக் கார்டு கொண்டுவந்தது. மெமரி? 4 ஜிபி! தவிர, மதர்போர்டுடன் பேச 16 பாதை உள்ள இடத்தில் செருகும் இந்தக் கார்டுக்கு நாலே நாலு பாதை. புது மதர்போர்டில் சமாளித்துவிடும். பழைய போர்டில் ஒவ்வொரு பாதையும் பாதி வேகம் என்பதால் திணறும். பழைய போர்டு வைத்திருப்பவன் யார்? மலிவுக் கார்டு தேடுகிறவன்தான்.

ஆர்டிஎக்ஸ் 3050 கதை கொஞ்சம் வேறு. 2022-ல் 8 ஜிபியுடன் வந்தது. 2024-ல் அதே பெயரில் 6 ஜிபி. மெமரி மட்டும்தான் குறைந்தது என்று நினைப்போம். உள்ளே கணக்குப் போடும் கோர்களும் 2560-லிருந்து 2304 ஆகிவிட்டன, குழாயும் 128 பிட்டிலிருந்து 96 ஆகிவிட்டது. நியாயமாகச் சொன்னால் இது மோசமான சரக்கில்லை. 70 வாட்தான் இழுக்கும், தனி பவர் கேபிள் வேண்டாம். ஆபீஸில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரில் போட்டு ஆட அருமையான கார்டு. 3045 என்று பெயர் வைத்திருந்தால் பாராட்டியிருக்கலாம்.

2022 செப்டம்பரில் என்விடியா ஆர்டிஎக்ஸ் 4080 என்ற பெயரில் இரண்டு கார்டுகளை அறிவித்தது. 16 ஜிபி, 12 ஜிபி. சின்னதின் விலையே 899 டாலர். இரண்டும் ஒரே கார்டு இல்லை, சின்னதில் கோர்கள் ரொம்பக் குறைவு என்று விமர்சகர்கள் போட்டுக் கிழித்தார்கள். ஒரு மாதத்துக்குள் கம்பெனி வாபஸ் வாங்கியது. 2023 ஜனவரியில் 4070 டிஐ என்று பெயர் மாற்றி, நூறு டாலர் குறைத்து விற்றது.

ஆக, பெயரைத் திருத்தத் தெரியாமல் இல்லை. 899 டாலர்காரர் கத்தினால் காதில் விழுகிறது. ஜிடி 1030 வாங்கியவனுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. மேல்தட்டுக் கார்டு வாங்குகிறவர் ஏமாந்தால் அடுத்த வருஷம் வேறு வாங்கிக்கொள்வார். அப்பாவிடம் ஆறு மாதம் கெஞ்சி வாங்கியவனுக்கு அடுத்த கார்டு வேலை கிடைத்த பிறகுதான்.

எனவே தம்பிகளே, கடைக்குப் போகுமுன் நாலு விஷயம் பாருங்கள். மெமரி என்ன வகை? வெறும் டிடிஆர் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். எத்தனை பிட்? 64 என்றால் விலையைக் கேட்டுவிட்டு இன்னொரு முறை யோசியுங்கள். உங்கள் மதர்போர்டும் பவர் சப்ளையும் தாங்குமா? கடைசியாக, நீங்கள் ஆடப்போகும் ஆட்டத்தை அதே கார்டில், அதே மெமரி அளவில் யாராவது ஓட்டிக் காட்டியிருக்கிறார்களா? இன்றைய பெரிய ஆட்டங்களுக்கு 8 ஜிபிதான் ஆரம்பம். 'வேலரண்ட்' மாதிரி லேசான ஆட்டம் மட்டும்தான் என்றால் கார்டே வேண்டாம். ரைசன் 5600ஜி போன்ற பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் போதும்.

கம்பெனிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏழைக்கேத்த எள்ளுருண்டை விற்பதில் தப்பே இல்லை. சின்னதாகவே உருட்டுங்கள். உள்ளே எள் இருக்கட்டும்.