‘எல்.இ.டி. தானே, கரண்ட் இழுக்காது’: லாரி எக்ஸ்ட்ரா லைட் அறிவுரைகள் பற்றி ஒரு விமர்சனம்

ராத்திரி பத்து மணிக்கு மேல் பெருங்களத்தூரிலிருந்து வண்டலூர் வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் பைக் ஓட்டியவர்களுக்கு இந்த விஷயத்தை விளக்க வேண்டியதில்லை. எதிரே வரும் டிப்பர், டிரெய்லர், தண்ணி லாரிகளில் பலவற்றின் பம்பரில் நாலு, கேபின் மேல் நாலு என்று எல்.இ.டி. லைட் எரியும். இரண்டு மூன்று விநாடிக்கு ரோடே தெரியாது.

கண் கூசுவதைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். நான் விமர்சிக்க வந்தது அந்த லைட்டுகளை மாட்டுவது எப்படி என்று தமிழில் புழங்கும் அறிவுரையை. வீடியோவாகவும் வாட்ஸப் படமாகவும் வாய்வழியாகவும் சுற்றும் அதைச் சுருக்கினால் மூணே வரி: எல்.இ.டி. கரண்ட் இழுக்காது; ஒரு ரிலே போட்டா போதும்; எர்த்தை பாடியில் எங்க வேணா கொடுக்கலாம். மூணுமே பாதி உண்மை. ஆபத்து மீதிப் பாதியில் இருக்கு.

கரண்ட் இழுக்காதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லைட் 18 வாட், மொத்தம் ஆறு என்று வைத்துக்கொண்டால் 108 வாட். 24 வோல்ட் லாரியில் இது 4.5 ஆம்பியர். 12 வோல்ட் மினி டிரக்கில் அதே ஆறு லைட்டுக்கு 9 ஆம்பியர். பழைய ஹாலஜனோடு ஒப்பிட்டால் குறைவுதான், மறுக்கவில்லை.

ஆனால் இந்தக் கணக்கு எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும்போது மட்டும்தான் செல்லும். வயர் கேபினுக்கு அடியில் இரும்பு விளிம்பில் உரசி, மேல்தோல் கிழிந்து, சேஸிஸில் பட்டுவிட்டால் அந்த நிமிஷம் எவ்வளவு கரண்ட் ஓடும் என்பதை எல்.இ.டி. முடிவு செய்யாது, பேட்டரி முடிவு செய்யும். செல்ஃப் மோட்டாரைச் சுற்றவைக்கிற அதே பேட்டரி. நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். மெல்லிய வயர் சில விநாடிகளில் பழுத்துவிடும். பக்கத்தில் டீசல் குழாய், எண்ணெய் படிந்த தூசி, தார்ப்பாய்.

அதனால் ஃப்யூஸ் லைட்டைக் காப்பாற்றுவதற்கு இல்லை, வயரைக் காப்பாற்றுவதற்கு. இது புரிந்துவிட்டால் அதை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்: பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு ஜாண் தூரத்துக்குள். கேபினுக்குள் டாஷ்போர்டுக்குக் கீழே ஃப்யூஸ் போட்டால், பேட்டரியிலிருந்து அதுவரை வரும் வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. அளவும் வயரைப் பொறுத்ததுதான். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 4.5 ஆம்பியர் ஓடினால் 7.5 ஆம்பியர் ஃப்யூஸ் சரி. “அடிக்கடி போகுது சார்” என்று 30 போடுவது, ஃப்யூஸுக்குப் பதிலாக வயரை எரியச் சொல்வதற்குச் சமம். லைட்டுகளை மூணு மூணாகப் பிரித்துத் தனித்தனி ஃப்யூஸ் கொடுத்தால், ஒன்றில் கோளாறு வந்தாலும் மொத்தமும் அணையாது.

ரிலே போட்டா போதுமா?

ரிலே நல்லதுதான். சின்ன சுவிட்ச் வழியே மொத்த கரண்ட்டும் போகாமல் தடுக்கும். ஆனால் 12 வோல்ட் ரிலேயை 24 வோல்ட் லாரியில் மாட்டினால் சுருளில் நாலு மடங்கு சூடு உண்டாகும். முதல் நாள் வேலை செய்யும், அதனாலேயே யாரும் சந்தேகப்படுவதில்லை.

இதற்கு மாற்றாக இன்னொரு குறுக்கு வழி சொல்கிறார்கள்: லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி வரிசையாக இருக்கிறதே, ஒன்றிலிருந்து மட்டும் எடுத்துக்கோங்க. இதில் ஒரு பேட்டரி எப்போதும் குறைவாகவும், மற்றது அளவுக்கு மீறியும் சார்ஜ் ஆகும். கடைசியில் இரண்டும் சீக்கிரம் போய்விடும். 12 வோல்ட் வேண்டுமென்றால் கன்வெர்ட்டர் போடுவதுதான் முறை.

பெட்டியில் ‘10-30 வோல்ட்’ என்று போட்டிருப்பதையும் கவனிக்கணும். இன்ஜின் ஓடும்போது 24 வோல்ட் லாரியில் இருப்பது சுமார் 28 வோல்ட். மிச்சம் 2 வோல்ட்தான். பேட்டரி டெர்மினல் லூஸாகி ஒரு கணம் விட்டுப்போனால் ஆல்டர்னேட்டரிலிருந்து எழும் மின்னழுத்தம் அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டும். மலிவான லைட்டுகள் திடீரென்று சாவதற்கு இது ஒரு காரணம்.

அவை எரியும்போது எஃப்.எம். ரேடியோ இரைவதையும் பலர் கேட்டிருப்பார்கள். வாகனங்களின் மின்காந்த இரைச்சலைச் சோதிக்கும் அரசு மையம் தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரகடத்திலேயே இருக்கிறது. கடையில் பெட்டி பெட்டியாக விற்கும் பெயரில்லாத லைட்டுக்கும் அந்தச் சோதனைக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று வாங்குகிறவர் கேட்கலாம்.

எர்த் எங்க வேணா கொடுக்கலாமா?

பெயிண்ட் மேல் ஸ்க்ரூ முறுக்கி எர்த் கொடுத்தால் முதல் மழைக்காலம் வரை தாங்கும். நம் ஊர் கடல் காற்றும் அக்டோபர், நவம்பர் மழையும் சேர்ந்தால் துரு பிடித்து இணைப்பில் சூடு ஏறும். ரிட்டர்ன் வயரைத் தனியாக இழுத்து ஒரே சுத்தமான இடத்தில் இறுக்குவது பத்து மீட்டர் வயர் செலவு, அவ்வளவுதான். முறுக்கி டேப் அடித்த ஜாயின்ட்டுக்கும் இதே கதி. அதிர்வில் தளர்ந்துவிடும். கிரிம்ப் செய்து, ஸ்லீவ் போட்டு, இரும்பு ஓட்டை வழியே போகும் இடத்தில் ரப்பர் குரோமெட் வைக்கணும். வீடியோக்கள் மூணு நிமிஷத்தில் தாண்டிப்போகும் இந்த வேலைதான் உண்மையான வயரிங்.

சட்டம் ஒரு பக்கம், வயர் ஒரு பக்கம்

1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 111-வது விதி, வண்டியின் முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் கூடாது என்கிறது; விதிவிலக்கான சூழலில், பதிவு அதிகாரியின் முன் அனுமதியோடு மட்டும் விடுகிறது. 106-வது விதி, முன்விளக்கின் ஒளி எதிரே இருப்பவர் கண்ணைக் கூச வைக்காதபடி கீழ்நோக்கி இருக்கணும் என்கிறது. உற்பத்தியாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அதனால் முன்பக்க ஃபோகஸ் லைட்டை நான் சிபாரிசு செய்யவில்லை. குவாரியில் லோடு ஏற்றும்போது பின்னாலும் பக்கவாட்டிலும் வேலை விளக்கு வேண்டும் என்பது நியாயமான தேவை. அதற்குத் தனி சுவிட்சும், டாஷ்போர்டில் எரியும் ஒரு சின்ன சிவப்பு விளக்கும் இருந்தால், அணைக்க மறந்து ரோட்டுக்கு வர மாட்டார்கள்.

அறிவுரைகள் மேல் என் பெரிய குறை இங்கேதான். முன்னால் அனுமதியோடு ஒரு லைட் இருந்தாலும், ரிலேயைத் தூண்டும் வயரை ஹை பீமிலிருந்து எடுத்தால், ஓட்டுநர் டிம் அடித்ததுமே எக்ஸ்ட்ரா லைட்டும் அணையும். அதையே நேராக பேட்டரியிலிருந்து தனி சுவிட்சுக்குக் கொடுத்தால், ஒவ்வொரு எதிர் வண்டிக்கும் அவர் ஞாபகமாக இன்னொரு சுவிட்சைத் தட்டணும். ராத்திரி மூணு மணிக்கு, வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில், யார் தட்டுவாங்க? எதிரே வருபவரின் உயிர் ஒரு வயர் எங்கிருந்து கிளம்புகிறது என்பதில் இருக்கு. அதைச் சொல்லாத வயரிங் படம் பாதிப் படம்தான். (பி.எஸ். 6 வண்டிகளில் விளக்குச் சுற்றுகளை மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி கவனிக்கிறது. அங்கே வயரை வெட்டித் தொடுவது சரியில்லை, சர்வீஸ் ஆட்களிடம் கேட்டுத்தான் செய்யணும்.)

சோதனை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. லைட்டைப் பிடுங்கும்போது வயரை வெட்டி அப்படியே தொங்கவிட்டால், உயிருள்ள ஒரு முனை சேஸிஸைத் தேடிக்கொண்டிருக்கும். பேட்டரிப் பக்கத்து இணைப்பைக் கழற்றிவிட்டு எடுப்பதுதான் பாதுகாப்பு.

ஓட்டுநரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக முடியாது. விளக்கில்லாத சர்வீஸ் ரோடு, எதிர்த்திசையில் வரும் பைக், நடுவில் படுத்திருக்கும் மாடு: அவருக்கு வெளிச்சம் வேணும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது வண்டியோடு வந்த ஹெட்லைட்டை. ஹாலஜன் பல்புக்குப் போகும் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். மங்கிய கண்ணாடி, துருப்பிடித்த எர்த், சரிந்த ஃபோகஸ் எல்லாம் சேர்ந்தால் பாதிக்கு மேல் போய்விடும். மல்டிமீட்டரை வைத்துப் பல்பு முனையில் எத்தனை வோல்ட் வருகிறது என்று பார்க்க ஐந்து நிமிஷம் ஆகும். பல வண்டிகளுக்கு எக்ஸ்ட்ரா லைட்டை விட இந்த ஐந்து நிமிஷம்தான் தேவை. எந்த வீடியோவும் இதிலிருந்து தொடங்கி நான் பார்க்கவில்லை.