காணாமல் போனதற்குக் கைதட்டலா?

தெய்னோசுகே கினுகாசாவின் ‘பித்தின் ஒரு பக்கம்’ (1926) என்ற ஜப்பானிய மௌனப் படம் எங்கே திரையிடப்பட்டாலும் ஒரு வாதமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. படத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இன்று இல்லை. இல்லாவிட்டால் என்ன, மனநல மருத்துவமனையில் நடக்கும் கதை சிதறிக் கிடப்பதுதானே பொருத்தம் என்கிறார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. நெடுநாளாக எனக்கு இதில் உடன்பாடில்லை.

படத்தின் துணிச்சலைப் பற்றி எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. கொட்டும் மழையில் தொடங்கி, மேடையில் ஆடுவதாகத் தெரியும் பெண் உண்மையில் கம்பிகளுக்குப் பின்னால் ஆடுகிறாள் என்று காட்டும் முதல் சில நிமிடங்களுக்கு ஈடான படத்தொகுப்பு அன்று உலகிலேயே குறைவு. நிலநடுக்கமும் போரும் அலட்சியமும் ஜப்பானிய மௌனப் படங்களில் பெரும்பகுதியை விழுங்கிவிட்ட நிலையில், 1971இல் கினுகாசா தம் வீட்டுக் கிடங்கிலிருந்து இதை மீட்டதே பெரிய பேறு. இதெல்லாம் சரி.

ஆனால் கதையைப் பாருங்கள். முன்னாள் மாலுமி ஒருவன். அவன் கொடுமையால் மனைவிக்குப் பித்துப் பிடிக்கிறது. அவள் இருக்கும் மருத்துவமனையிலேயே எடுபிடி வேலைக்குச் சேர்கிறான். மகளுக்குத் திருமணம் கூடிவருகிறது. தாயின் நிலை தெரிந்தால் அது முறிந்துவிடுமோ என்று அஞ்சுகிறான். ஓரிடத்தில், பரிசுச் சீட்டில் தனக்கு ஓர் அலமாரி விழுவதாகக் கனவு காண்கிறான். இன்றைய பிரதியில் பலருக்கு இது விசித்திரமான ஒரு கனவுக் காட்சி, அவ்வளவுதான். மகளின் கல்யாணம் மனதில் நின்றால் மட்டுமே அது மகளுக்கான சீர் என்பது புரியும். குடும்பத்தைக் கெடுத்தவன் ஒரு மரப்பெட்டியைக் கொடுத்துக் கணக்குத் தீர்க்கப் பார்க்கிறான் என்பதும் உறைக்கும். இந்தப் படத்தை விரிவாக ஆராய்ந்த ஆரன் ஜெரோ, விடுபட்டவற்றில் மகளைச் சுற்றிய நேர்கதைப் பகுதிகளே அதிகம் என்ற திசையில்தான் நம்மைக் கொண்டுசெல்கிறார். அப்படியானால் நாம் புதுமை என்று மெச்சும் தாவல்களில் எத்தனை கினுகாசாவுடையவை, எத்தனை வெறும் இழப்பு?

இன்னொரு இழப்பும் இருக்கிறது. இந்தப் படத்தில் எழுத்து அட்டைகளே கிடையாது என்பதைத் தூய காட்சிமொழிக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். அன்றைய அரங்கில் திரையின் ஓரத்தில் பென்ஷி எனப்படும் விவரிப்பாளர் நின்று கதை சொன்னார். தோக்கியோவில் முசேய் தொகுகாவா போன்ற புகழ்பெற்ற குரலே இதற்கு வாய்த்தது. அட்டை இல்லாத படம் பேச்சில்லாமல் ஓடவில்லை. கட்டியங்காரனை வெளியே அனுப்பிவிட்டுக் கூத்துப் பார்த்துவிட்டு, ‘புரியாமைதான் இதன் அழகு’ என்று சொன்னால் எப்படி இருக்கும்? நாம் செய்வது அதைத்தான்.

இதே தாராளம் மற்ற துண்டுப் படங்களுக்குக் கிடைப்பதில்லை. ஓசுவின் ‘பட்டம் வாங்கினேன், ஆனால்…’ (1929) படத்தில் பத்து நிமிட அளவே எஞ்சியிருக்கிறது. அதன் இடைவெளிகளை நவீனத்துவம் என்று யாரும் கொண்டாடவில்லை. போய்விட்டதே என்று வருந்துகிறோம். ‘அவளை அப்படிச் செய்யவைத்தது எது?’ (1930) ரஷ்யாவில் கிடைத்தபோது முதல் சுருளும் கடைசிச் சுருளும் இல்லை. விடுபட்டதை எழுத்தில் சொல்லி மீட்டமைத்தார்கள். எங்கே படம், எங்கே ஒட்டு என்று பார்ப்பவருக்குத் தெரிகிறது. இந்த நேர்மையைக் கினுகாசா படத்துக்குக் கேட்டால் மட்டும் ரசனை கெட்டுவிடும் என்கிறார்கள்.

இயக்குநரே இந்தப் பிரதிக்கு இசை சேர்த்து எழுபதுகளில் மறுபடி வெளியிட்டாரே என்பது கடைசி ஆயுதம். வெளியிட்டார். சோதனை முயற்சிகளுக்கு உலகெங்கும் வரவேற்பு இருந்த காலத்தில், வயதான கலைஞர் தம் இளமைக் காலப் படத்தை எப்படிக் காட்ட விரும்பினார் என்பதற்கு அது சான்று. 1926இல் அரங்கில் உட்கார்ந்திருந்தவர் எதைப் பார்த்தார் என்பதற்குச் சான்றாகாது.

திரையிடுபவர்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. படம் தொடங்கும் முன் கதையைச் சொல்லுங்கள். பென்ஷி மரபு தெரிந்த ஒருவர் கிடைத்தால் அழையுங்கள். எவ்வளவு விடுபட்டிருக்கிறது என்பதைக் கையேட்டின் அடிக்குறிப்பில் ஒளிக்காமல் முதல் வரியில் போடுங்கள். நாளைக்கே முழுப் பிரதி ஒன்று கிடைத்து, இது பாதிக்குமேல் கண்ணீர்க் குடும்பக் கதைதான் என்று தெரியவரலாம். துண்டை வழிபடுகிறவர்கள் அப்போதும் பழைய பிரதியைத்தான் போடச் சொல்வார்கள் என்பது என் சந்தேகம்.