கட்டளை வரியில் ஒரு கடிகாரம்

2012 ஜூன் 30 நள்ளிரவில் உலகப் பொது நேரத்தில் ஒரு விநாடி கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. இந்தியாவில் அப்போது ஜூலை 1, விடியற்காலை ஐந்தரை மணி. லினக்ஸ் கெர்னலின் ஒரு பகுதி அந்த விநாடியைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. நுண்ணிய டைமர்களைக் கவனிக்கும் இன்னொரு பகுதிக்கோ செய்தியே போகவில்லை. அரை விநாடி கழித்து எழுப்பச் சொல்லிவிட்டு உறங்கப் போன நிரல்கள் உறங்க வழியின்றி உடனுக்குடன் எழுப்பப்பட்டன. ஜாவா, மைஎஸ்கியூஎல் ஓடிய பல சர்வர்களில் சிபியு வீணாகச் சுழன்றது. ரெடிட் முடங்கியது, மோஸில்லாவின் சர்வர்கள் திணறின. இதற்குக் கிடைத்த மருந்து ஒரே ஒரு வரி. டேட் கட்டளையை 'எஸ்' என்ற தெரிவோடு கொடுத்து, கணினி அந்தக் கணம் காட்டிய நேரத்தையே அதற்குத் திரும்ப ஊட்டுவது. நேரம் மாறவில்லை, கடிகாரம் திருத்தப்பட்டது என்ற தகவல் மட்டும் டைமர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ரீபூட் செய்யாமலே சர்வர்கள் அமைதியடைந்தன.

கடிகாரத்தைக் கையால் திருத்துவது பழைய பழக்கம் என்று ஒதுக்கிவிடுவோர் இந்த நிகழ்வை நினைவில் வைக்க வேண்டும். இணையம் இல்லாத இடத்திலும் டேட் கட்டளை வேலை செய்யும். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்த கணினி பல ஆண்டுகள் பின்னால் போய் விழித்தெழும். அதன் பார்வையில் வலைத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை. எனவே இணைப்புகளை மறுத்துவிடும். 2023இல் வந்த ராஸ்ப்பெர்ரி பை 5க்கு முந்தைய பை பலகைகளில், மின்சாரம் போனாலும் ஓடும் கடிகாரமே கிடையாது. இத்தகைய இடங்களில் ரூட் அனுமதியோடு ஒருவர் தட்டும் அந்த ஒரு வரிதான் முடிச்சை அவிழ்க்கிறது.

ஆனால் அந்த வரியைத் தட்டும் விதத்திலேயே ஆபத்து தொடங்கிவிடுகிறது. டேட் கட்டளையின் பழைய வடிவம் மாதம், நாள், மணி, நிமிடம், கடைசியில் ஆண்டு என்ற வரிசையை எதிர்பார்க்கிறது. சாய்கோடு போட்டு எழுதினால் லினக்ஸில் உள்ள க்னு வடிவம் அமெரிக்க முறைப்படி மாதத்தை முதலில் எடுத்துக்கொள்ளும். நாளை முதலில் எழுதிப் பழகிய நம்மூர் நிர்வாகி ஏப்ரல் 3 என்று நினைத்து 03/04 என்று தட்டினால், கணினி மார்ச் 4க்குப் போய்விடும். நேரத்தைக் குறிப்பிடாமல் தேதியை மட்டும் கொடுத்தாலோ கடிகாரம் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குத் தாவிவிடும். உறுதிதானா என்ற கேள்வி கிடையாது. மாற்றி முடித்த பிறகுதான் புதிய நேரத்தைக் காட்டும்.

இதைவிடப் பெரிய குறை, கடிகாரம் ஒரே அடியில் புதிய நேரத்துக்குத் தாவுவதுதான். டேவிட் மில்ஸ் உருவாக்கி 1985இல் ஆவணமாக வெளியிட்ட, வலையமைப்பு வழியே நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபி நெறிமுறையோ சிறு பிழைகளை மெல்ல இழுத்துச் சரிசெய்யும். விநாடிக்கு அதிகபட்சம் அரை மில்லிவிநாடி. அந்த வேகத்தில் ஒரு விநாடிப் பிழை தீர அரை மணிக்கு மேல் ஆகும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுக்கு எதுவும் உறைக்காது. பிழை ஆயிரம் விநாடிகளைத் தாண்டினால், வழக்கமான அமைப்பில் அதன் சேவை நிரல் திருத்த மறுத்து நின்றுவிடும். அவ்வளவு பெரிய வித்தியாசத்தை மனிதர் பார்த்து முடிவெடுக்கட்டும் என்று விடுவது மிகச் சரியான வேலைப் பிரிவினை.

பின்னோக்கிய தாவலை நிரல்கள் எப்படித் தாங்கும் என்பதற்கு 2017 புத்தாண்டு சான்று. அன்று சேர்ந்த கூடுதல் விநாடியால் கிளவுட்ஃபிளேரின் டிஎன்எஸ் மென்பொருளில் கழிந்த நேரம் பூஜ்யத்துக்குக் கீழே போனது. நேரம் பின்னால் போகாது என்று நம்பி எழுதிய நிரல் நொறுங்கியது. அதே ஆண்டு வந்த கோ நிரல் மொழியின் 1.9 பதிப்பு, முன்னோக்கி மட்டுமே ஓடும் இரண்டாவது கடிகாரத்தையும் கணக்கில் சேர்த்தது. கிளவுட்ஃபிளேரில் ஒரு விநாடிதான் இடறியது. கையால் திருத்துபவர் மணிக்கணக்கில் பின்னால் தள்ளுகிறார். பதிவேடுகளில் விளைவு காரணத்துக்கு முன்னால் நிற்கும். நிரல்களைத் தொகுக்கும் 'மேக்' போன்ற கருவிகள் எந்தக் கோப்பு புதியது என்று தெரியாமல் குழம்பும்.

லினக்ஸின் சேவை நிர்வாகியான சிஸ்டம்டியோடு வந்த டைம்டேட்சிடிஎல் கட்டளை இந்த இடத்தில் நல்ல மாற்றம். தானியங்கி ஒத்திசைவு நடந்துகொண்டிருந்தால் கையால் நேரம் வைக்க அது மறுத்துவிடும். முதலில் ஒத்திசைவை அணைக்க வேண்டும். அந்த ஒரு நொடித் தயக்கம் பல விபத்துகளைத் தவிர்க்கும். ஆனால் அணைத்தவர் மீண்டும் இயக்க மறந்தால், குவார்ட்ஸ் கடிகாரம் நாளுக்கு நாள் விலகிக்கொண்டே போகும். இந்தியாவில் இது தொழில்நுட்பத்தோடு நிற்கும் சங்கதியும் அல்ல. 2022 ஏப்ரலில் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்களின் கணினிகள் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அல்லது தேசிய தகவல் மையத்தின் நேரத்தோடு ஒத்திசைய வேண்டும் என்கிறது. தாக்குதல் நடந்த பிறகு பதிவேடுகளை ஒப்பிட வேறு வழியில்லை.

எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாதது, காலாவதித் தேதியைச் சோதிப்பதற்காக சர்வரின் கடிகாரத்தையே முன்னால் நகர்த்துவது. கன்டெய்னருக்குள் செய்தால் தப்பில்லை என்று சிலர் நம்புகிறார்கள். ஆனால் கன்டெய்னர்கள் எல்லாம் ஒரே கெர்னலின் கடிகாரத்தைத்தான் பார்க்கின்றன. கடிகாரத்தை மாற்றும் அனுமதியை டாக்கர் இயல்பாகவே தருவதில்லை, தந்துவிட்டால் மொத்த இயந்திரத்தின் நேரமும் மாறிவிடும். ஃபேக்டைம் என்ற கருவியோ சோதிக்கும் நிரலுக்கு மட்டும் வேறொரு தேதியைக் காட்டும்; பக்கத்தில் ஓடும் மற்ற நிரல்கள் உண்மையான நேரத்திலேயே இயங்கும்.