வாய் மூடிய பொன்

பாரீஸ் நகரின் நடுவே, ரிவோலி வீதியோரச் சதுக்கத்தில், குதிரைமேல் கொடியேந்திப் பொன்முலாமில் மின்னுகிறாள் ஜோன் ஆஃப் ஆர்க். பிரஷ்யாவிடம் தோற்ற பிரான்ஸ் தன்னைத் தேற்றிக்கொள்ள 1874இல் நிறுவிய சிலை, வடித்தவர் ஃப்ரெமியே. குதிரைக்கு அவள் சிறுத்துத் தெரிகிறாள் என்று குறைசொன்னார்கள். 1899இல் அவர் சிறிய குதிரையாக மாற்றிவிட்டார். (பெண்ணைப் பெரிதாக்கத் தோன்றவில்லை போலும்.)

1431இல் அவளை எரித்தபோது, ஆணுடை தரித்ததும் ஒரு குற்றம். இங்கே அந்தக் கவசத்துக்குத்தான் பொன். நிமிர்ந்த முதுகு எனக்குப் பிடித்தது. முகம் பிடிக்கவில்லை. விசாரணையில் இறையியல் அறிஞர்களைப் பதிலுக்குப் பதில் திணறடித்த அந்த 19 வயது வாயாடியை அதில் தேடித்தேடிப் பார்த்தேன்; காணோம். மூடிய உதடு, எங்கோ பார்க்கும் கண். இந்தச் சிலையை வைத்த தேசம் தன் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது 1944இல்.