'கரம்' என்னும் சொல்லும் பால்வீதியின் சுருளும்

விண்மீன் மண்டலங்களின் சுருள் வடிவைத் தமிழில் விளக்குவோர் 'கரம்' என்றே எழுதிவருகின்றனர். சொல் எளிது, அது தரும் பொருளோ பிழையானது. கரம் என்றதும் உடலோடு ஒட்டிய உறுப்பே நினைவிற்கு வரும். ஒரு கரத்தின் உடுக்கள் என்றும் அக்கரத்திலேயே தங்கும் என மாணவர் கொள்வர்.

அது இயலாது. உட்புறத்து உடுக்கள் வெளிப்புறத்தனவற்றினும் விரைவிற் சுற்றை முடிப்பன. ஞாயிறு ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகள் செல்லும். பிறந்த நாள்தொட்டு அது இருபது முறையளவே சுற்றியுள்ளது. கரம் உறுப்பாயின், அதற்குள் பம்பரக் கயிறுபோல் இறுகி உருவிழந்திருக்கும்.

அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை வழியாக ஹட்டன் ஏறுவோர் இதற்கு விடையைக் கண்ணாற் காணலாம். பாரமேற்றிய லொறி வளைவில் ஊர, பின்னே பஸ்கள் நெருங்கும். முந்த வாய்த்தவை கழியும், புதியன சேரும், நெரிசல் மட்டும் மெல்ல நகரும். 1964இல் லின், ஷூ ஆகியோர் கூறிய அடர்த்தி அலை இத்தகையதே. உவமை முற்றும் பொருந்தாது. விண்ணில் லொறி இல்லை, நெரிசலின் ஈர்ப்பே நெரிசலைப் பேணுகின்றது. அக்கொள்கையும் முடிந்த முடிபன்று. இத்தகைய அலை ஆரை வழியே நகர்ந்து கழியும் என 1969இல் டூம்ரே காட்டினார்.

நடுவிலுள்ள பட்டையின் கதை வேறு. ஒழுங்காகச் சுழலும் உடுத்தட்டு சில சுற்றுக்களிலேயே பட்டையாக நீளக்கூடும் என 1973இல் ஒஸ்ட்ரைக்கரும் பீபிள்சும் கணினி வழி கண்டனர்.

இவ்விடத்திற் சுப்பிரமணியன் சந்திரசேகரை நாம் போற்றும் முறை உறுத்துகின்றது. 1983ஆம் ஆண்டின் நோபல் பரிசு, வெண்குறளி எல்லை என்பவற்றோடு அமைகின்றோம். 1943இல் அவர் வகுத்த இயக்கவியல் உராய்வுக்கு யான் படித்த தமிழ்க் கட்டுரைகளில் இடமில்லை. திணிவுமிக்க பொருளொன்று உடுக்களிடையே செல்கையில் அவை ஈர்க்கப்பட்டு அதன் பின்னே திரளும். அத்திரள் அதனைப் பின்னிழுக்கும். இக்கருத்தை விரித்தே, பட்டை தன்னைச் சூழ்ந்த கரும்பொருளிடம் கோண உந்தத்தை இழந்து தளரும் எனப் பின்வந்தோர் கணித்தனர். பால்வீதிப் பட்டை அவ்வாறு தளர்ந்துவருவதன் தடத்தை உடுக்களின் ஓட்டத்திற் கண்டதாக 2021இல் ஆய்வாளர் அறிவித்தனர். பெயரைப் போற்றிப் பணியை விடுதல் என்ன புகழ்ச்சியோ!

'கரம்' பழகிவிட்ட சொல். அதை நீக்குக என்று கூறேன். 'சுருளலை' என்பதையும் உடன் எழுதுக. கினிகத்தேனைத் தோட்டப் பாடசாலை மாணவன், "சேர், நாங்கள் எந்தக் கரத்தில் இருக்கின்றோம்?" எனக் கேட்பானாயின், "இன்று ஓரியன் கிளையில், 460 கோடி ஆண்டுகளும் அதிலன்று" என ஆசிரியர் கூற அது உதவும்.