பழைய கேம், புது விண்டோஸ்: எது ஓடுகிறது, எது மல்லுக்கு நிற்கிறது?

விண்டோஸ் 11 லேப்டாப்பில், 1990-இல் டாஸுக்கு வந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’வை ஓடவைக்கச் சில நிமிடங்கள் போதும். 2003-இல் கம்ப்யூட்டருக்கு வந்த ‘வைஸ் சிட்டி’யை ஒழுங்காக ஓடவைக்க ஒரு மாலைப்பொழுதே போய்விடும். பழசு என்றால் கஷ்டம் என்று நினைத்து இறங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். இந்த விஷயத்தில் கிழங்கள் சமர்த்து, நடுவயசுக்காரர்கள்தான் வம்பு.

இதைச் சோதிக்க இப்போது ஒரு காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்தது. அதில் 32-பிட் பதிப்பு ஒன்று இருந்தது, விண்டோஸ் 11-இல் அது கிடையாது. 64-பிட் விண்டோஸில் 16-பிட் நிரல்கள் ஓடாது. ஆக, வீட்டுக்குப் புது லேப்டாப் வரும்போது டாஸ் கேம்களும் விண்டோஸ் 95 காலத்துப் பல கேம்களின் இன்ஸ்டாலர்களும் நேரடியாக ஓடாமல் நின்றுபோகின்றன.

வடசென்னையில் இந்த கேம்களை எங்களில் பலர் பெட்டியோடு வாங்கி ஆடியதில்லை. டி.எச். ரோட்டுப் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடினோம். கம்ப்யூட்டர் இருந்த வீடுகளுக்குப் பர்மா பஜாரிலிருந்து சிடி வந்தது. இடத்தை மிச்சப்படுத்தப் பாட்டையும் வீடியோவையும் வெட்டி எடுத்த பதிப்புகள் அவற்றில் நிறைய. வைஸ் சிட்டியில் காருக்குள் ரேடியோ பாடும் என்பதே சிலருக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும்.

பழைய கம்ப்யூட்டரையே தேடிப்பிடித்து வைத்துக்கொள்ளலாமே என்று திருவொற்றியூரில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் கேட்டேன். “வேணாம் தம்பி. கடலோரம், உப்புக் காத்து. ராம் ஸ்லாட்டுல பச்சை பூத்துடும். நீ சாஃப்ட்வேர்லயே பாத்துக்கோ” என்றார். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலைப் பார்த்து வாழ்கிறவர்களுக்கு நல்ல யோசனைதான்.

சோதனைக்கு எடுத்தவை இரண்டு. ஒன்று, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண விண்டோஸ் 11 லேப்டாப். இன்னொன்று, பிளஸ் டூ முடித்தபோது தங்கைக்குக் கிடைத்த அரசு இலவச லேப்டாப். 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் ஆரம்பகால லேப்டாப்களில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருக்கும்.

டாஸ் கேம்கள்: முதல் மதிப்பெண்

டேஞ்சரஸ் டேவ், பிரின்ஸ் வகையறாவுக்கு ‘டாஸ்பாக்ஸ்’ ஒன்றே போதும். இலவசம், 2002-இலிருந்து இருக்கிறது. கேமின் இயக்கக் கோப்பை இழுத்து டாஸ்பாக்ஸ் ஐகான்மேல் போட்டால் தானே திறக்கும், கட்டளை எதுவும் தட்ட வேண்டாம். வேகம் கூடினால் கன்ட்ரோல் எஃப்11, குறைந்தால் கன்ட்ரோல் எஃப்12. முழுத்திரைக்கு ஆல்ட் என்டர். பிரின்ஸின் அந்தக் காலத்து ‘மெகாஹிட்’ சீட் கோட்கூட அப்படியே வேலை செய்தது.

டாஸ்பாக்ஸ் விண்டோஸிடம் எந்தச் சலுகையும் கேட்பதில்லை. பிராசஸர், சவுண்ட் கார்டு உள்பட அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் முழுவதையும் தனக்குள்ளேயே போலியாக உருவாக்கிக்கொள்கிறது. டாஸ் செத்துப்போன அமைப்பு, இனி மாறாது. மாறாத ஒன்றுக்குப் போலி செய்வது எளிது. இன்ஸ்டால் செய்யவே சோம்பல் என்றால், இன்டர்நெட் ஆர்க்கைவ் 2015 ஜனவரியில் ஏற்றிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ் கேம்களைப் பிரவுசரிலேயே ஆடலாம்.

1995 முதல் 2003 வரை: வம்பு இங்கேதான்

ரோட் ராஷ், கிளா, மிட்டவுன் மேட்னஸ், ஐஜிஐ, வைஸ் சிட்டி எல்லாம் இந்தக் கூட்டம். இவை பேசுவது விண்டோஸோடும் டைரக்ட்எக்ஸோடும். அந்த இரண்டும் இன்னும் உயிரோடு இருக்கின்றன, மாறிக்கொண்டும் இருக்கின்றன. பழைய பேச்சு பாதி புரிகிறது, பாதி புரிவதில்லை.

முதலில் கம்பாட்டிபிலிட்டி டேப்பைப் பார்க்க வேண்டும். ரோட் ராஷுக்கு 256 நிறம், 640 x 480 இரண்டையும் டிக் செய்ததும் மெனு வந்தது. நடுவில் ஆல்ட் டேப் அழுத்தினால் மட்டும் படம் கறுத்துவிடுகிறது. அடுத்த மருந்து ‘டிஜிவூடூ 2’. இதன் டிஎல்எல் கோப்புகளை கேம் ஃபோல்டரில் போட்டால், பழைய டைரக்ட்எக்ஸ் அழைப்புகளைப் புதிய டைரக்ட்எக்ஸுக்கு மாற்றிக் கொடுக்கும். திரை மூலையில் அதன் முத்திரை தெரிந்தால் செட்டிங்கில் அணைத்துவிடலாம். கிளா மாதிரி 2டி கேம்களுக்கு ‘சிஎன்சி டிடிரா’ இன்னும் லேசானது.

வைஸ் சிட்டிக்கு இவை போதாது. மவுஸ் அசையாது, அகலத் திரையில் படம் இழுபட்டுத் தெரியும். ‘சைலன்ட்பேட்ச்’ முதல் கோளாறையும், தனியாகக் கிடைக்கும் வைட்ஸ்கிரீன் ஃபிக்ஸ் இரண்டாவதையும் சரிசெய்கின்றன. இரண்டும் ரசிகர்கள் எழுதிய இலவசத் திருத்தங்கள். ஃப்ரேம் லிமிட்டர் ஆனிலேயே இருக்கட்டும். அணைத்தால் வண்டிகளின் ஓட்டமே விகாரமாகிவிடும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அன்றைய பல அசல் டிஸ்க்குகளில் சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்பு இருந்தது. அதற்கான டிரைவர் பாதுகாப்புக்கு ஆபத்து என்று விண்டோஸ் 10 அதைச் சேர்க்கவே இல்லை. 2015 செப்டம்பரில் பழைய விண்டோஸ்களிலும் மூடிவிட்டார்கள். ஆக, காசு கொடுத்து அசல் வாங்கியவரின் டிஸ்க்தான் இன்று திறக்க மறுக்கிறது. அதற்காக ‘கிராக்’ தேடி அலைய வேண்டாம், கேமோடு வைரஸும் சேர்ந்து வரும். ஐஜிஐ போன்றவை ஜிஓஜி தளத்தில், புது விண்டோஸுக்கு ஏற்ப, நகல் தடுப்பு இல்லாமல் விற்பனைக்கு உள்ளன.

அரசு லேப்டாப் எப்படி?

ஆச்சரியப்படுத்தியது இதுதான். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32-பிட் என்பதால், விண்டோஸ் 11 முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பும் 16-பிட் இன்ஸ்டாலர்களை இது தயங்காமல் திறக்கிறது. முழுத்திரை டாஸ் மட்டும் வராது, அதற்கு இங்கேயும் டாஸ்பாக்ஸ்தான். 1999-இன் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’வில் புல் சிவந்து தண்ணீர் ஊதாவானது. 256 நிறத் தட்டில் விண்டோஸ் எக்ஸ்புளோரர் கைவைப்பதால் வரும் கோளாறு அது. டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்புளோரரை நிறுத்தியதும் நிறம் திரும்பியது. இந்த லேப்டாப்பை இன்டர்நெட்டோடு இணைக்காமல் கேமுக்கென்றே ஒதுக்கலாம்.

லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு 1993-இல் தொடங்கிய ‘வைன்’ இருக்கிறது. விண்டோஸ் 11 மறுக்கும் சில 16-பிட் நிரல்களை லினக்ஸில் வைன் திறந்துவிடும். 86பாக்ஸ் போன்ற முழு எமுலேட்டர்கள் துல்லியமானவை, ஆனால் சாதாரண லேப்டாப் மூச்சு வாங்கும்.

தீர்ப்பு

டாஸ் கேம் என்றால் யோசிக்காமல் இறங்கலாம். விண்டோஸ் 95 முதல் எக்ஸ்பி வரையிலான கேம் என்றால், முதலில் ஜிஓஜி, ஸ்டீமில் விலைக்கு உள்ளதா என்று பாருங்கள், அப்புறம் டிஜிவூடூ. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ வேண்டுமென்றால் 2019-இன் டெஃபினிடிவ் எடிஷனே மேல். 2022-இல் அதற்கு வந்த விரிவாக்கத்தில் ராஜேந்திர சோழன் படையெடுக்கிறான், போர்வீரர்கள் தமிழ் பேசுகிறார்கள். ‘கிரிக்கெட் 07’ டிஜிட்டலில் எங்குமே விற்பனைக்கு இல்லை, அதற்குப் பழைய டிஸ்க்தான் கதி.

எந்த கேமையும் புரோகிராம் ஃபைல்ஸில் போடாதீர்கள். சி டிரைவில் தனி ஃபோல்டர் போட்டால் சேவ் கோப்பு எழுதுவதில் தகராறு வராது. அசல் டிஸ்க் கையில் இருந்தால், யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கியாவது இப்போதே ஐஎஸ்ஓவாக எடுத்துவையுங்கள். மென்பொருள் கோளாறுக்கு என்றைக்காவது ஒரு திருத்தம் வரும், நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்த டிஸ்க்குக்கு எதுவும் வராது.