நூலகமும் அதன் வாசலும்

நூலகக் கட்டிடம் ஒரு விமர்சனப் பிரச்னை என்று நம் சிறுபத்திரிகைகள் கருதியதில்லை. நூலக ஆணை பற்றி, வாங்கிக் குவிக்கப்படும் குப்பைகள் பற்றி நிறையச் சண்டையிட்டிருக்கிறோம். நியாயமான சண்டைதான். ஆனால் அறை எத்தனை மணிக்குத் திறக்கிறது, அலமாரி கைக்கு எட்டுகிறதா என்பவையும் யார் வாசகன் என்பது பற்றிய தீர்மானங்களே.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் இதை அறிந்திருந்தார். 1931-ல் வெளியான அவருடைய ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகங்கள் உபயோகத்திற்கே என்பது. அதை விளக்கும்போது அவர் பேசுவது இடம், நேரம், மேஜை நாற்காலி, ஊழியர் பற்றி. அதே வருஷம் மன்னார்குடியை அடுத்த மேலவாசலின் கனகசபைப் பிள்ளை, மாட்டுவண்டியில் நூலகத்தைக் கிராமங்களுக்கு அனுப்பினார். நன்னிலத்திலிருந்து பார்க்கிற எனக்கு, இந்தப் பகுதியில் உருவான சிறந்த நூலகக் கட்டிடம் அந்த வண்டிதான். வயலில் நிற்பவன் நூலகம் தேடி வரமாட்டான் என்பதை அது தன் வடிவத்திலேயே ஒப்புக்கொண்டது.

1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தது. வரி வீடு தேடி வந்தது. புத்தகம் பெரும்பாலும் வரவில்லை.

2010-ல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023-ல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறக்கப்பட்டன. பெரிய காரியங்கள். கோட்டூர்புரத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கத் தனிப் பகுதியே உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு அது பெரிய புகலிடம். இதை இலக்கியவாதிகள் கேலி செய்வதுண்டு. கேலியில் எனக்குப் பங்கில்லை. வீட்டில் ஒரு மேஜைக்கு இடமில்லாதவனுக்கு வெளிச்சமும் அமைதியும் தருவது நூலகத்தின் வேலைதான். அவனைத் தனியே பிரித்துவைப்பதில்தான் எனக்குத் தகராறு. ஒரு கவிதைத் தொகுப்பின் முதுகைக்கூடப் பார்க்காமல் அவன் வருஷக்கணக்கில் வந்துபோகலாம்.

நன்னிலம் போன்ற ஊர்களுக்கு மாடிகள் வேண்டாம். ஒரே தளம். திறந்த அலமாரிகளுக்கு நடுவே தேர்வு மேஜைகள். நடவும் அறுப்பும் முடிந்து வருகிறவர்களுக்காக இரவு ஒன்பது வரை விளக்கு. வர முடியாதவர்களுக்கு, மாடு இல்லாத ஒரு வண்டி. நம் புத்தகங்களை வாங்கச் சொல்லிக் கேட்கும் நாம், அவை கண்ணில் படும் இடத்தில் வைக்கப்பட வேண்டும் என்றும் சேர்த்துக் கேட்கலாம்.